பாலமுருகனாக வந்த சிறுமி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கோயாவில் மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில், அயலிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒருவர் என் வீடு தேடி வந்தார். கூடவே அவருடைய மகள். பத்து வயது, ஐந்தாம் தரத்தில் படிக்கிறாள். தந்தை கையிலிருந்த தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் அந்தச் சிறுமி நடித்த குறுங்காணொளிகள் வரிசையாக இருந்தன. திரைப்பட வசனங்களுக்கு உதடசைத்து நடித்தவை சில. தானே வசனம் அமைத்து நடித்தவை சில. பின்னவையே என்னைக் கவர்ந்தன.

"புள்ள நல்லா நடிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க சேர். பேப்பர்ல இருந்தவங்களுக்கு மெட்ராஸ்ல ஆள் தெரியும்னு சொன்னாங்க. ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றார்.

முப்பதாண்டு காலம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்குச் சென்னையில் சிலரைத் தெரிந்திருப்பது உண்மைதான். ஒரு கடிதம் எழுதப் பத்து நிமிடங்கள் போதும். எனினும் என் பேனா நகரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி, அடுத்த ஞாயிறு வாங்க" என்று அனுப்பிவைத்தேன். அந்த ஒரு வாரம் நான் யோசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

என் நினைவுக்கு முதலில் வந்தவர் ஸ்ரீதேவி.

சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் 1963 ஓகஸ்ட் 13 இல் பிறந்த அக்குழந்தை, 1967 இல் வெளிவந்த ஏ.பி.நாகராஜனின் 'கந்தன் கருணை'யில் பாலமுருகனாகத் திரையில் தோன்றியது. 1969 இல் 'துணைவன்'. அதே ஆண்டில் எம்.ஜி.ஆருடன் 'நம் நாடு'. 1971 இல் மலையாளத்தில் 'பூம்பாற்றா'; அதற்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று மொழி மாறி மொழி நடித்த பிள்ளை, 1975 இல் இந்தி 'ஜூலி'யில் கதாநாயகியின் தங்கையாக வந்தார். மறு ஆண்டு 'மூன்று முடிச்சு'.

இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டும். 1976 ஒக்டோபரில் கே.பாலசந்தரின் அந்தப் படம் வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயது. காதலனை இழந்து, நடுத்தர வயதுடைய ஒருவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு, தன்னை விரும்பிய இளைஞனுக்கே மாற்றாந்தாயாக வந்து நிற்கும் பெண் அவர். அந்த இளைஞனாக நடித்த ரஜினிகாந்துக்கு அப்போது 25 வயது. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் '16 வயதினிலே'. தலைப்பிலுள்ள வயது பாத்திரத்தின் வயது. மயிலாக நடித்தவரின் வயது 14. நம் ஊர்ப் பிள்ளைகள் எட்டாம், ஒன்பதாம் தரத்தில் வெள்ளைச் சீருடையில் புத்தகப் பையோடு நடக்கும் வயது அது.

இப்படங்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தமிழ்த் திரையில் பெண்ணின் மனத்தைப் பேசிய படங்களில் 'மூன்று முடிச்சு' ஒன்று. '16 வயதினிலே' ஒரு திருப்புமுனை. இரண்டையும் நான் தோட்டத் திருவிழாக் காலங்களில் வாடகைக்கு எடுத்துவந்த 'டெக்'கில், கோயில் மண்டபத்துச் சாக்கு விரிப்பில் அமர்ந்து பார்த்தவன். கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் மயிலுக்காக அழுதார்கள். நானும் அழுதேன். அந்த மயிலுக்கு வயதென்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. திரையில் சேலை கட்டியிருந்தால் அவள் பெண். கவுன் போட்டிருந்தால் குழந்தை. எமது கணக்கு அவ்வளவுதான்.

பொதுவாகக் குழந்தை நட்சத்திரங்களின் வாழ்வில் ஓர் இடைவெளி இருக்கும். பல் விழுந்து முளைக்கும், குரல் மாறும், உயரம் கூடும். அந்தச் சில ஆண்டுகளில் திரையுலகம் அவர்களை மறந்துவிடும். பிள்ளை பாடசாலைக்குப் போகும். ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளி வாய்க்கவில்லை. குழந்தை வேடத்திலிருந்து கதாநாயகி வேடத்துக்கு நேரே வந்து சேர்ந்தார். பாடசாலை வாழ்க்கையை இழந்ததைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே பேசியிருக்கிறார். அதைப் பெருங்குறையாகச் சொல்லிப் புலம்பியவர் அல்லர். தொழிலை நேசித்தவர். 2012 இல் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில், ஆங்கிலம் தெரியாததால் சொந்த வீட்டாரிடமே சிறுமைப்பட்டு, நடுவயதில் ஒரு வகுப்பறையில் போய் அமரும் குடும்பத் தலைவியாக அவர் நடித்ததைப் பார்த்தபோது, அந்த வகுப்பறைக் காட்சிகளில் என் மனம் கதையை விட்டு விலகி வேறெங்கோ போயிற்று. 2018 பெப்ரவரி 24 இல் துபாயில் அவர் மறைந்தபோது வயது 54. முந்திய ஆண்டு வெளிவந்த 'மாம்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவர் இறந்த பின்னரே அறிவிக்கப்பட்டது. 54 ஆண்டு வாழ்வில் திரைத்துறைக்கு வெளியே கழிந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஸ்ரீதேவி வென்றவர். நான் அந்தத் தந்தைக்கு அவரை உதாரணம் காட்டினால், "அப்ப என் புள்ளயும் அந்த மாதிரி வரட்டுமே சேர்" என்றுதான் சொல்லுவார். வெற்றி பெற்றவரின் கதை பெற்றோரின் காதில் எப்போதும் அழைப்பாகவே விழுகிறது. ஆகவே மற்றவர்களையும் பார்க்க வேண்டும்.

தமிழ்த் திரையின் முதற்பெரும் குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜா. கே.சுப்ரமணியம் இயக்கிய 'பாலயோகினி' 1937 இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஷேர்லி டெம்பிளுக்கு இணையாக அச்சிறுமியைப் பேசினார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு ஊருக்கு ஊர் பெண்குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயரிட்டார்கள். அந்த அலை கடல் கடந்து எமது லயங்கள் வரை வந்ததோ என்னவோ, என் சிறுவயதில் எங்கள் வரிசையில் மட்டும் மூன்று சரோஜாக்கள் இருந்தார்கள். மூவரும் கொழுந்துக் கூடையோடு மலையேறியவர்கள். 1939 இல் 'தியாகபூமி'யிலும் நடித்த பேபி சரோஜா, பிள்ளைப் பருவத்தோடு ஒரு சில படங்களில் திரையை விட்டு விலகி, அமைதியான நெடுவாழ்வு வாழ்ந்து 2019 இல் மறைந்தார். அவர் இயக்குநரின் தம்பி மகள். வீட்டுப் பிள்ளை வீட்டார் கண்காணிப்பில் நடித்தது; போதும் என்றபோது வீட்டுக்குத் திரும்பியது. திரும்பிச் செல்ல ஒரு வீடும், அந்த வீட்டில் அடுப்பெரிய வேறொரு வருமானமும் இருந்தன என்பதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன்.

நமது மலையகத்துக்கே இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 1917 இல் நாவலப்பிட்டியில் பிறந்த ஒரு குழந்தை, தகப்பனை இழந்து, தாயோடும் அண்ணனோடும் கடல் கடந்து போய், வறுமை தாளாமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது. ஹட்டனுக்கு ரயிலேறும் எவரும் நாவலப்பிட்டியைக் கடக்கும்போது எம்.ஜி.ஆரின் பெயரைச் சொல்லாமல் கடப்பதில்லை. நாடக மேடையில் கிடைத்த கைதட்டலைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். அந்தப் பிள்ளை அங்கு போனது சோற்றுக்காக என்பதை மெதுவாகக்கூடச் சொல்லமாட்டோம். அன்றைய பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கு மேடை என்பது மூன்று வேளை உணவுக்கான வழி. எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் போல ஒரு சிலர் மேலே வந்தார்கள். குரல் உடைந்ததும் வெளியேற்றப்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

இந்தியாவின் தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான பரிசு 1968 ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்குகிறது. முதற்பரிசே தமிழுக்குத்தான்: 'குழந்தைக்காக' படத்தில் நடித்த பேபி ராணி. கண்ணதாசனுக்குத் தேசிய விருது கிடைத்ததும் அதே படத்துக்கே. கண்ணதாசனை யாவரும் நினைவு வைத்திருக்கிறோம். பேபி ராணியை? இதை வாசிக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வாசகர்கள் சிலர் தலையை அசைப்பார்கள்; மற்றவர்கள் இணையத்தில் தேடுவார்கள்.

'அஞ்சலி' வெளிவந்த 1990 ஆம் ஆண்டு ஜூலையில் பேபி ஷாமிலிக்கு 3 வயது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையாக அவள் நடித்ததை, நடித்தது என்று சொல்வதா, நடிக்க வைக்கப்பட்டது என்று சொல்வதா? படம் பார்த்துக் கண் கலங்காதவர் எவருமில்லை. தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையிடம் எவராலும் சம்மதம் கேட்க முடியாது. அவளுடைய அக்கா ஷாலினி 1983 இல் மலையாளத்தில் 'மாமாட்டிக்குட்டி'யாகப் புகழ் பெற்று, பின் 1997 இல் 'காதலுக்கு மரியாதை'யில் கதாநாயகியாகத் திரும்பி வந்து, உச்சத்தில் இருக்கும்போதே திருமணம் செய்து விலகிக்கொண்டார். ஷாமிலி 2009 இல் தெலுங்கில் கதாநாயகியானார். 2016 இல் தமிழில் ஒரு படம். சுவரொட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம்: "அட, நம்ம அஞ்சலி பாப்பா!" ரசிகன் அந்தக் குழந்தையை வளர அனுமதிக்கவேயில்லை. 'பேபி' என்பது நாம் சூட்டும் பட்டம். கழற்றும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. 2002 இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' இலங்கைத் தமிழர் யாவரும் தம் வீட்டுக் கதையாகப் பார்த்த படம். பெற்ற தாயைத் தேடி யுத்த பூமிக்கு வரும் அமுதாவாக நடித்தவர் பார்த்திபன், சீதா தம்பதியின் மகள் கீர்த்தனா. தேசிய விருது பெற்றார். அத்தோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். வளர்ந்த பின் இயக்கம் பயில மணிரத்னத்திடமே உதவி இயக்குநராகச் சேர்ந்தார். கமராவுக்கு முன்னால் நின்ற பிள்ளை, தானாகத் தெரிவு செய்து கமராவுக்குப் பின்னால் போனது. பேபி சரோஜாவுக்குச் சொன்னதையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் வருமானத்தை நம்பி அந்த வீட்டில் உலை வைக்கவில்லை.

ஆக, பிள்ளையின் திறமையை விட, அந்தச் சம்பளத்துக்கு வீட்டிலே என்ன பெயர் என்பதே பிள்ளையின் கதியை முடிவு செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சேமிப்பா, சாப்பாடா, கடனடைப்பா?

இதை அமெரிக்கர்கள் ஒரு வழக்கு மூலம் கற்றார்கள். சாப்ளினின் 'த கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் இலட்சக்கணக்கான டொலர்கள் சம்பாதித்தான். வளர்ந்து பார்த்தபோது தாயும் வளர்ப்புத் தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938 இல் சொந்தத் தாய்மீதே வழக்குத் தொடர்ந்தான். அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் வந்த சட்டத்துக்கு இன்றும் அவன் பெயர்தான். ஷேர்லி டெம்பிள்கூட, தாம் சம்பாதித்த மில்லியன்களில் சில பத்தாயிரங்களே எஞ்சியிருந்ததைத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிலிப்பைன்ஸ் நாட்டை நாம் வளைகுடா வீட்டுப் பணிப்பெண்களின் நாடு என்ற அளவில் அறிவோம். எமது தோட்டத்துப் பெண்கள் குவைத்திலும் துபாயிலும் அடுத்த சமையலறையில் சந்திப்பது பிலிப்பைன்ஸ் பெண்களைத்தான். அந்த நாட்டிலும் குழந்தை நட்சத்திர மோகம் நம்மைப் போலவே. 1963 இல் சிறுமியாகத் திரைக்கு வந்த வில்மா சாந்தோஸ் நாட்டின் பெரும் நடிகையாகி, 2007 இல் படாங்காஸ் மாகாணத்தின் ஆளுநராகவும் தெரிவானார். அவரைப் பார்த்துத் தம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தொலைக்காட்சி நிலைய வாசலில் நின்ற ஏழைப் பெற்றோர் ஏராளம். அந்த நாடு 2003 இல் ஒரு சட்டம் செய்தது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளை நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை கூடவே கூடாது. பிள்ளையின் வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குடும்பத்தின் பொதுத் தேவைக்கு எடுக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 2 இலட்சம் பெசோவை எட்டினால் 30 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் நம்பிக்கை நிதியாக வைக்க வேண்டும். வறுமையை நன்கறிந்த ஒரு நாடு எழுதிய சட்டம் இது. வீட்டுக்குச் சோறு தேவை என்பதை மறுக்கவில்லை. அந்தச் சோற்றுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அதனாலேயே இது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தியாவும் பின்னர் விழித்துக்கொண்டது. 2016 இல் சிறுவர் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை முற்றாகத் தடை செய்து, குடும்பத் தொழிலில் பாடசாலை நேரத்துக்குப் பின் உதவுவதற்கும் கலைஞராக நடிப்பதற்கும் மட்டும் விலக்களித்தார்கள். 2017 இல் வந்த விதிகளின்படி தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாக இடப்பட வேண்டும். ஏட்டில் இவ்வளவும் உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் கடிகாரம் பார்ப்பவர் யார் என்பது வேறு கதை. எந்தத் தாய் இயக்குநரிடம் போய், "ஐயா, ஐந்து மணி நேரம் முடிந்துவிட்டது" என்பாள்?

இந்த இடத்தில் என் சொந்தப் பாவமொன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் பணியாற்றிய வார ஏடொன்றில் சினிமாப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குழந்தை நட்சத்திரத்தின் படத்தை முக்கால் பக்கத்துக்குப் போட்டு, "விடிய விடியக் கண்விழித்து நடித்த சுட்டிப் பெண்" என்று தலைப்பிட்டேன். படப்பிடிப்பில் தூங்கி விழுந்தவளை முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி நடிக்க வைத்தார்கள் என்பதையும், அதற்கு அவள் சிணுங்கவே இல்லை என்பதையும் பாராட்டாக எழுதினேன். அந்த இதழ் நன்றாக விற்றது. வாசகர் கடிதங்கள் வந்தன; எல்லாம் மெச்சியவை. அதே இதழின் வேறொரு பக்கத்தில், கொழும்பு வீடொன்றில் வேலைக்கு நின்ற தோட்டத்துச் சிறுமியை இரவு முழுவதும் தூங்க விடாமல் வேலை வாங்கிய கொடுமை பற்றிய செய்தியும் இருந்தது. இரண்டையும் ஒரே கையால்தான் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். இரண்டுக்கும் தொடர்பிருப்பதாக அன்று எனக்குப் படவில்லை.

மலையகத்தில் இருந்துகொண்டு இந்தத் தொடர்பைக் காணாமல் இருக்க முடியாது. எமது பிள்ளைகளைத் தேடித் தரகர்கள் வருவது புதிதன்று. "நல்ல வீடு, நல்ல சாப்பாடு, படிக்கவும் வைப்பாங்க" என்பார்கள். முற்பணமாக ஒரு தொகையைத் தந்தையின் கையில் வைப்பார்கள். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் அரசியல் பிரமுகர் ஒருவரின் வீட்டில் பணிக்கிருந்தபோது தீக்காயங்களுக்குள்ளாகி உயிரிழந்தாள். நாடே கொதித்தது, தெருவில் இறங்கிக் கோஷமிட்டோம். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. தேயிலைத் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் அதே ஆண்டில்தான். 2024 இல் அது 1,350 ஆனது. இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவரிடம் பிள்ளையின் ஒரு நாள் நடிப்புக்குப் பல்லாயிரம் என்று எவரேனும் சொன்னால், அவர் மறுப்பார் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சமையலறைச் சிறுமியையும் சினிமாச் சிறுமியையும் ஒரே தட்டில் வைக்கிறானே என்று சிலர் கோபிக்கலாம். ஒன்று இருட்டு, மற்றது வெளிச்சம் என்பது சரியே. நடிப்பில் மகிழ்ச்சி இருக்கிறது, கலை இருக்கிறது, புகழ் இருக்கிறது. ஆனால் தரகர், முற்பணம், வீட்டுக் கடன், பாதியில் நிற்கும் படிப்பு, "அவளுக்கே விருப்பம்தான்" என்ற பேச்சு ஆகிய ஐந்தும் இரண்டு இடத்திலும் உண்டு.

பிள்ளைகள் நடிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானே பத்து வயதில் முகத்தில் அரிதாரம் பூசியவன். மாசி மாதத்தில் காமன் ஊன்றி, இரவிரவாகத் தப்பு முழங்க, ரதி மன்மதனோடு சிறுவர்கள் நாங்களும் சில்லறை வேடங்களில் ஆடுவோம். தோட்டமே திரண்டு பார்க்கும். காமன் எரிந்து, கூத்து முடிந்தால் வேடமும் முடிந்தது. மறுநாள் காதோரத்தில் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்த்து வாத்தியார் காதைத் திருகுவார். தூக்கக் கலக்கத்தோடு வாய்ப்பாடு சொல்லுவோம். ஊர் எம்மை மெச்சியது. ஆனால் எம்மைக் கொண்டு எவரும் சம்பாதிக்கவில்லை.

2023 இல் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் மலையகத்து அசானியும் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் பாடியபோது, ஹட்டன் கடைத்தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு முன்னால் சனம் கூடி நின்றது. டிசம்பரில் கில்மிஷா வென்றபோது வடக்கும் மலையகமும் ஒன்றாக மகிழ்ந்தன. இருநூறாண்டு காலமாக 'தோட்டக்காட்டான்' என்று கேட்டுப் பழகிய ஒரு சமூகத்துக்கு, தன் பிள்ளையின் குரல் உலகத் தமிழர் காதில் விழுவது சிறிய விடயமன்று. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஒன்று மட்டும் உறுத்துகிறது. இத்தகைய நிகழ்ச்சிகள் எந்த அலைவரிசையில் வந்தாலும், பிள்ளையின் திறமை மட்டும் அவற்றுக்குப் போதுவதில்லை. அதன் வறுமையும் மேடையேற வேண்டியிருக்கிறது. ஒழுகும் கூரையும் தாயின் கண்ணீரும் பின்னணி இசையோடு வருகின்றன. பிள்ளை வளர்ந்து இருபது வயதாகும்போதும் அந்தக் காணொளி இணையத்தில் கிடக்கும். ஏழ்மையில் வெட்கப்பட ஏதுமில்லை; ஆனால் அதை உலகுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் வயது பத்து அல்ல.

இப்போது படப்பிடிப்புத் தளமே வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூடியூப் அலைவரிசைக்குத் தகப்பனே தயாரிப்பாளர், தாயே இயக்குநர். நேரக் கணக்கு இல்லை, ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 2023 இல், பெற்றோரின் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. நமது பக்கத்தில் இன்னும் விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சொன்னபடி அடுத்த ஞாயிறு தந்தையும் மகளும் வந்தார்கள். கடிதம் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. அதற்குப் பதிலாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கொடுத்தேன். யார் கேட்டு வந்தாலும் இவற்றைக் கேட்க வேண்டும்: எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? இரவில் வேலையுண்டா? பக்கத்தில் தாயோ தந்தையோ இருக்க விடுவார்களா? காசு யாருடைய கணக்கில் விழும்? பாடசாலைக்கு என்ன ஏற்பாடு? நடுவில் பிள்ளை மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள்? பிள்ளையின் பெயரில் வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து வைக்கும்படியும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் தாளையே பார்த்தார். "இதெல்லாம் கேட்டா வேற புள்ளயத் தேடிப் போயிருவாங்களே சேர்" என்றார்.

"போவாங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது முழு உண்மை. என் கேள்வித்தாள் ஒரு வாய்ப்பைப் பறிக்கக்கூடும். அடுத்த ஸ்ரீதேவியை டிக்கோயாவிலேயே நிறுத்திவைத்த பழி எனக்கு வந்தாலும் வரலாம். அதை நான் ஏற்கத்தான் வேண்டும்.

இந்தப் பேச்சு எதிலும் அக்கறையில்லாமல் சிறுமி என் புத்தக அலுமாரியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். "சேருக்கு ஒண்ணு நடிச்சுக் காட்டு" என்றார் தந்தை. அவள் சற்று யோசித்துவிட்டு, என் மேசைத் துணியை உருவித் தலையில் போட்டுக்கொண்டாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையைக் குறைத்துப் போட்ட கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போகும் தன் அம்மாயியாக மாறினாள். கூன் விழுந்த முதுகு, வெற்றிலைக் குதப்பல், கைவிரல்களில் கொழுந்துக் கறை இருப்பதுபோல் சேலையில் துடைத்துக்கொள்ளும் பாவனை. எவரும் சொல்லிக் கொடுத்ததன்று. பார்த்துத் தானே பிடித்துக்கொண்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளேயிருந்து என் மனைவியும் வந்து சிரித்தாள். தந்தையின் தொலைபேசி அந்த நேரம் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எவரும் படம் பிடிக்கவில்லை.

தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். பத்து மணிக்குப் புலமைப்பரிசில் வகுப்பாம். பிந்தினால் டீச்சர் ஏசுவாராம். தந்தை என் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மழை மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. என் குடையைக் கொடுத்தனுப்பினேன். அதைத் திருப்பித் தர வரும்போது மேலும் பேசலாம்.